படம் நீக்கிய பிரதி

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் ஒரு நாள் அட்டன் பட்டணத்துக்கு இறங்கி, மருந்து, பத்திரிகை, வெற்றிலை முதலான சில்லறைக் காரியங்களை முடித்துக்கொண்டு, மூடுபனி பாதையை மறைப்பதற்கு முன்னால் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவது என் வழக்கம். அப்படி இறங்கும் நாட்களில் பிறர் காரியம் ஒன்றாவது என் சட்டைப்பையில் இல்லாமல் இருப்பதில்லை. சென்ற மாதம் கீழ் லயத்து அப்பாயியின் பேரன், மலையக மக்களின் பிரஜாவுரிமை பற்றி இணையத்தில் வந்த ஒரு கட்டுரையின் முகவரியை என் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு, "சேர், இதைப் பிரிண்ட் எடுத்துட்டு வாங்களேன். போன்ல வாசிச்சுக் காட்டினா பாதியில சிக்னல் போயிடுது, அப்பாயி கோவிச்சுக்குது" என்று கேட்டுக்கொண்டான்.

அட்டனில் இந்த வேலைக்குரிய கடையைக் 'கொமியூனிகேஷன்' என்றே இன்னும் சொல்கிறோம். வெளிநாட்டுக்குப் போனவர்களோடு நிமிஷக் கணக்கில் காசு கொடுத்துப் பேசிய காலம் மறைந்து, அந்தக் கண்ணாடிக் கூண்டுகளும் போன பின்னர், பெயர் மட்டும் போட்டோக் கொப்பி இயந்திரத்தின் தலைமேல் நிலைத்துவிட்டது. கடைத் தம்பி கட்டுரையைத் திறந்து அச்சுக்கு அனுப்பினான். முதல் தாள் முழுவதையும் கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் ஆக்கிரமித்து, பச்சை மலையெல்லாம் கறுப்பு மையாக நனைந்து வெளிவந்தது. இரண்டாம் தாளில் சவர்க்கார விளம்பரத்தின் இடுப்புக்கு மேலான பகுதி. மூன்றாவதில் அதன் கால்களும் கட்டுரையின் ஐந்து வரிகளும். மொத்தம் பதினொரு தாள்கள். காகிதம் கிடைக்காமல் மேல் மாகாணத்துப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட 2022-ஆம் வருஷத்து மார்ச் மாதம் ஞாபகத்துக்கு வந்து, என் வயிறு கொஞ்சம் கலங்கிற்று.

"கட்டுரைய மட்டும் எடுத்துடலாம் சேர்" என்று அவன் ஏதோ ஒரு சின்னத்தை அழுத்தினான். விளம்பரம், படம், பக்கவாட்டுப் பட்டியல் யாவும் நொடியில் மறைந்து, வெள்ளைத் திரையில் தலைப்பும் பத்திகளும் மாத்திரம் எஞ்சின. அச்சில் நான்கு தாள். இந்த வித்தையின் மூலத்தை வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 2009-இல் ஆர்க்90 என்னும் அமெரிக்க நிறுவனம் 'ரீடபிலிட்டி' என்ற பெயரில் வெளியிட்ட சிறு கருவியிலிருந்து பிறந்த சங்கதியாம் இது. அடுத்த வருஷமே ஆப்பிள் கம்பெனி தன் சஃபாரியில் அதைச் சேர்த்துக்கொண்டது. பக்கத்தில் எந்தப் பகுதி கட்டுரை, எது அலங்காரம் என்பதை அக்கருவி எப்படி அறிகிறது என்றால், பத்திகளின் நீளத்தை அளந்தும், அவற்றுள் எத்தனை காற்புள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணியும், வேறு பக்கங்களுக்கு இழுக்கும் சுட்டிகள் மிகுந்த இடங்களைத் தள்ளியுமே தீர்மானிக்கிறதாம். காற்புள்ளி அதிகமென்று என் வாக்கியங்களை நண்பர்கள் பரிகசித்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஓர் இயந்திரத்திடமாவது நியாயம் கிடைத்ததே என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம் உண்டாயிற்று.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் வேறொரு எண்ணமும் புகுந்தது. எங்கள் மலைநாட்டை உலகம் அறிந்தது பெரும்பாலும் படமாகத்தான். 1875-இல் இலங்கைக்கு வந்து குடியேறிய ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், இங்கே தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் நிறுத்தி வைத்துப் படம் பிடித்தார். 1879-இல் டிக்கோயாப் பக்கம் கிளென்கெயன் தோட்டத்தில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்து மண்ணில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அவர் படங்களில் நின்ற நம்மவரில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது? அதன் பின் தேயிலைப் பெட்டி, பயணிகளுக்கான சுவரொட்டி, நாட்காட்டி என்று எதை எடுத்தாலும் அதே கூடைக்காரி, அதே சிரிப்பு. இனி அவளை எடுத்துவிட்டு எழுத்தை மாத்திரம் அச்சிட்டால் என்ன நஷ்டம் என்று, கையிலிருந்த நான்கு தாள்களையும் மடித்தபடி, சற்று மமதையோடு நினைத்தேன்.

எழுத்து மாத்திரம் உள்ள காகிதம் எங்களுக்குப் புதிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக எண்ணிய கங்காணிக்கும் அவர் கூட்டத்தாருக்கும் எவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடத் தயார் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அதில் மலையும் இல்லை, சிரிப்பும் இல்லை, தொகை மாத்திரமே. அந்தத் துண்டு இல்லாமல் ஆள் நகர முடியாது. அதோடு நகர்ந்தாலும் கடன் முன்னே நடந்து போய் அடுத்த தோட்டத்து வாசலில் காத்திருக்கும். 1921-இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். அதற்கு எதிரான காகிதமும் இங்கேயே பிறந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து அட்டனிலிருந்து அதை நடத்திய காலத்தில், அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுக்களை இயற்றித் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். மெலிந்த தாளில் நெருக்கி அடித்த எழுத்து. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத ஐம்பது பேர் கேட்டுப் பாடமாக்கிக்கொள்ள அவ்வளவே போதுமானதாயிருந்தது. கடன் சீட்டுக்கும் பாட்டுச் சீட்டுக்கும் ஒரே சொல் வழங்கியதை நினைக்க, தமிழுக்கு இருக்கும் குறும்பு எனக்குப் பிடிக்கிறது.

படத்தை நீக்கும் வித்தைக்கும் எல்லை உண்டு. நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் சேகரித்து இணையத்தில் வைத்திருக்கும் ஈழத்து, மலையகத்து நூல்களில் பெரும்பாலானவை பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஒளிவருடி எடுத்த பிரதிகள். அங்கே எழுத்தே படம். படத்தை எடு என்றால் வெறும் வெள்ளைத் தாள்தான் கிடைக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலோ, தொண்டர்கள் பழைய இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தார்கள். அவை எந்த அலங்காரமும் இன்றி எந்தத் தாளிலும் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம்முடைய பாமினி எழுத்துரு. அதில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் உளறலாக மாறிவிடும். பள்ளிக்கூட விழா மலருக்காக நான் அடித்து வைத்த பத்துப் பக்கங்கள், ஒரு முறை வேறொரு கடையில் அப்படித்தான் அச்சாகி வந்தன, விழா மறுநாள்.

அந்த நான்கு தாள்களோடு அன்று மாலை அப்பாயியின் லயத்துக்குப் போனேன். பீலிக்கரையில் சனம் குறைந்திருந்தது. பேரன் விளக்கடியில் உட்கார்ந்து வாசித்தான்: 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், 1964-இல் இரண்டு பிரதம மந்திரிகள் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று தலைகளைப் பங்கிட்டுக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அந்த வருஷம் அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் அவர்கள் வம்சத்தாருக்கும் உரிமை தந்த 2003-ஆம் வருஷத்துச் சட்டம். அப்பாயி வெற்றிலையை மென்றபடி, அண்ணன் குடும்பம் கப்பலேறிய இடம் வந்ததும் ஒரு முறை தலையசைத்தது, மற்றபடி பேசவில்லை.

வாசித்து முடிந்ததும் தாள்களைத் தன் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. "சேர், மலப் படம் ஒண்ணு இருக்குன்னு பய சொன்னானே, அது எங்க?"

காகிதச் சிக்கனத்தைப் பற்றி நான் சொன்ன விளக்கம் எனக்கே நன்றாக இல்லை. நான்கு தாள்களிலும் அப்பாயி தானாக வாசிக்கக்கூடிய ஒரே பாகத்தை அல்லவா நான் கழித்துவிட்டு வந்திருந்தேன்! அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், அந்தப் படத்தை மாத்திரம் கலரில் ஒரு தாளில் எடுக்கச் சொன்னேன். "கட்டுரை வேணாமா சேர்?" என்று தம்பி சிரித்தான். கட்டுரைக்குக் கொடுத்ததைவிட அதிகக் காசு.

அப்பாயி படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, பேரன் கட்டுரையை வாசித்ததைவிட நெடுநேரம் வாசித்தது.

"இது கொழுந்தெடுக்கிற புள்ள இல்ல சேர்."

"எப்படித் தெரியும்?"

"இடுப்புல கட்டுற படங்கு இல்ல. கூடை காலி. பாருங்க, கயிறு தலையில பதியவே இல்லியே."