மூன்றாம் எண் சுருட்டு

கண்ணைக் கட்டிக்கொண்டு சுருட்டுப் பிடித்துத் தரம் சொல்வது எங்கள் நால்வருக்கும் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வெளிவந்த தம் முதல் கதையிலேயே, சாம்பலைக் கண்டு திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிட்டார். உறையூர்க்காரனான நான் சளைப்பேனா?

மூன்றாம் எண்ணுக்கு, "காரம் மிகுதி, மணம் மட்டம், பத்துக்கு 3" என்று எழுதச் சொன்னேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் உறையூர்ச் சுருட்டு. தாத்தா ஆயுள் முழுதும் பிடித்தது! நண்பர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பிறகு வங்காள நண்பர் அதையே பற்றவைத்தார். புகை என் பக்கம் வந்தது. திண்ணை, சாய்வு நாற்காலி, தாத்தாவின் இருமல்! வாயில் இழுக்கும் புகை வேறு, நுனியில் கனன்று எழும் புகை வேறு. வேதியியல் படிக்கும் எனக்கு இது தெரியாதா? பேரன் அறிந்தது இரண்டாவதைத்தான்.

"மதிப்பெண்ணைத் திருத்தலாமா?" என்றார் நண்பர்.

வேண்டாம் என்றேன். அந்த இருமலோடுதான் தாத்தா போனார்.