தம்மம்பட்டி உளிக்கு ஆள் வேண்டும்

தம்மம்பட்டி, சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே சுவேத நதி ஓடும் சமவெளியில் அமைந்த பேரூராட்சி. ஆத்தூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது. மரத்தில் தெய்வ உருவங்கள் செதுக்கும் தொழில் இங்கே 1940களில் கோயில் வாகன வேலையோடு வேரூன்றியது. யாளி, சிம்மம், அன்னம், குதிரை, கருடன் என்று கோயில்களுக்காகச் செய்த கைகள், பிறகு பூசையறைக் கதவு, நிலைவாசல், தசாவதாரப் பலகை, ஆளுயரப் பிள்ளையார் என்று வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் செய்யத் தொடங்கின. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. அதே காலத்தில் தம்மம்பட்டிக்கும் அது கிடைத்தது. ஊரின் பெயர் சட்டப்படி காக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயருக்கு உரிய வேலையை இன்னும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு செய்யப்போகிறவர் யார் என்பதுதான் பட்டறைகளில் கேட்கப்படும் கேள்வி.

வேலை மரத்திலிருந்து தொடங்குகிறது. வாகை, தூங்குமூஞ்சி, மாவிலங்கு, அத்தி, வேம்பு, தேக்கு ஆகியவை வழக்கமான மரங்கள். வாகையும் தூங்குமூஞ்சியும் பெரிய சுற்றளவில் கிடைப்பதால் பெரிய சிலைகளுக்கு உதவும். தேக்கு விலை அதிகம். கதவுக்கும் நிலைக்கும் போகும். வெட்டிய சில நாட்களில் மரம் உளிக்கு இளக்கமாக இருக்கும், ஆனால் காயும்போது வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மரம் வெடிக்காது, உளிதான் ஏறாது. எனவே ஈரம் இருக்கும்போதே வாய்ச்சியால் கொத்தி உருவத்தைப் பருமட்டாக எடுத்துவிட்டு, நிழலில் காயவைத்து, பிறகு நுண்வேலைக்கு வருவது நல்ல முறை. மரத்தில் வைரம் எதுவரை பாய்ந்திருக்கிறது, வெளிப்பட்டை எங்கே முடிகிறது, கணு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையெல்லாம் வெட்டுமுன்பே கணிக்க வேண்டும். கணு மூக்கில் வந்து விழுந்தால் அதுவரை செய்த உழைப்பு வீண். எந்த மரத்தில் எந்தச் சிலை என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் பட்டறையின் மூத்தவர். இந்தக் கணிப்பு எழுத்தில் இல்லை. மரம் அறுக்கும் இடத்தில் அவரோடு பல ஆண்டுகள் நின்றவருக்கு மட்டுமே அது வரும்.

அடுத்தது அளவு. சிற்ப மரபில் ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அங்குலத்துக்கு எட்டு யவம். இந்த அங்குலம் அளவு நாடாவின் அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தைப் பிரித்து எடுப்பது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளத்தோடு நான்கு அங்குலம் சேர்ந்து 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், குள்ள உடலும் பெரிய தலையும் அதனால் வருபவை. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பிரம்ம சூத்திரம் என்னும் நடுக்கோடு போடப்படுகிறது. உருவம் எவ்வளவு வளைந்து நின்றாலும் கண், மூக்கு, கொப்பூழ் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. மரத்தில் இந்தக் கணக்கைக் காப்பது கடினம். ஒவ்வொரு அடி செதுக்கும்போதும் போட்ட கோடு மரச்சீவலோடு போய்விடுகிறது. மீண்டும் மீண்டும் கோடு போட்டுக்கொண்டே உள்ளே இறங்க வேண்டும். போகப்போகக் கோடு கண்ணிலேயே நின்றுவிடும் என்பார்கள். அந்த நிலைக்கு வந்தவரைத்தான் பட்டறை முழு வேலைக்காரராக ஏற்கிறது.

அங்கே வந்து சேர ஒரு படிவரிசை இருந்தது. புதிதாக வந்தவர் முதலில் உளி தீட்டுவார். தட்டை வாய், வளைந்த வாய், கூர்முனை என்று ஒரு வேலைக்காரரிடம் பல உளிகள் இருக்கும். ஒவ்வொன்றின் சாய்வும் வேறு. அதைத் தீட்டத் தெரிந்தாலே கை பாதி பழகிவிடும். அப்புறம் உப்புத்தாள் போடுவார். அலுப்பான வேலைதான், என்றாலும் விரலுக்குச் சிலையின் மேடு பள்ளம் தெரிய வருவது இங்கேதான். பிறகு கொட்டாப்புளியைக் கையில் எடுத்துப் பீடத்துக் கரைகளில் தாமரை இதழ், கொடி, மணிவரிசை செதுக்குவார். ஒரே இதழை நூறு தடவை, ஆயிரம் தடவை. மரத்தின் இழைக்கு எதிராக உளி போனால் சிலாம்பு பெயரும் என்பது அங்கே கைக்குப் புரியும். அதன்பின் ஆடை மடிப்பு, அணிகலன், பிறகு கைவிரல்கள், கடைசியாக முகம். பூவேலையிலிருந்து முகத்துக்கு வந்து சேர ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது. இந்த ஐந்து ஆண்டுகளிலும் கற்றுக்கொள்பவரின் வேலை விற்றது என்பது முக்கியமானது. அவர் செதுக்கிய இதழ் வாடிக்கையாளர் வீட்டுக் கதவில் இருந்தது. எனவே பட்டறையால் அவருக்குச் சிறிதேனும் கூலி கொடுக்க முடிந்தது. பயிற்சிக்கென்று தனியாக யாரும் பணம் ஒதுக்கவில்லை. ஒதுக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தப் படியைத்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது. கணினி வழி இயங்கும் சி.என்.சி. மெஷின் மரப்பலகையின் மேல் சுழலும் பிட்டை நகர்த்தி, கொடுத்த வடிவத்தைச் செதுக்குகிறது. சாதாரண மூன்று அச்சு இயந்திரத்தில் பிட் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கும். கதவுப் பலகை, கரைப்பூ, புடைப்புச் சிற்பம் ஆகியவற்றுக்கு அது போதும். கை நாள்கணக்கில் செய்வதை மணிக்கணக்கில் முடித்துவிடும். தும்பிக்கைக்கு அடியில், காதின் பின்புறத்தில், விரல்களுக்கு இடையில் அதனால் நுழைய முடியாது. அவற்றுக்குக் கூடுதல் அச்சுகள் உள்ள, விலை மிகுந்த இயந்திரம் வேண்டும். அப்படிச் செதுக்கினாலும் முகத்தில் கை ஓடித்தான் ஆக வேண்டும். இயந்திரம் விட்டுச் செல்லும் முகம் மழுங்கலாக இருக்கும். புருவத்துக்கும் இமைக்கும் கூர்மை தருவது உளி. ஆக, எளிய வேலை இயந்திரத்துக்குப் போய், கடினமான வேலை மட்டும் கைக்கு மிஞ்சுகிறது. முகம் செதுக்கத் தெரிந்தவருக்கு வேலை குறையவில்லை. அவருக்குப் பின்னால் பூவேலையில் உட்கார வேண்டியவருக்குத்தான் இடமில்லை. ஆள் தட்டுப்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது. இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சு இதை மறைத்துவிடுகிறது.

இயந்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை. கடன் வாங்கி அதை வாங்கிப் போட்ட பட்டறை பிழைத்திருக்கிறது. கோவையின் லேத் பட்டறைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. பொத்தானை அழுத்தி மெஷினை ஓட்ட ஆள் கிடைக்கிறது; உலோகம் வெட்டுப்படும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கியதை அறிபவர் கிடைப்பதில்லை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் முதல் மாதங்களில் இரும்புத் துண்டை அரத்தால் ராவச் சொல்வது இதற்காகத்தான். தொழிற்சாலையில் யாரும் அதுபோல் நாள் முழுக்க ராவுவதில்லை. ஆனாலும் அரசே செலவு ஏற்று அந்தப் படியைப் பயிற்சிக்குள் வைத்திருக்கிறது. மரச்சிற்பத்துக்கு அப்படி யாரும் வைக்கவில்லை. சி.என்.சி. வடிவத்தைக் கணினியில் வரைபவருக்கும் தாளக் கணக்கு தெரிந்தால்தான் பிள்ளையார் பிள்ளையாராக வருவார். இப்போது பெரும்பாலும் யாரோ வரைந்து விற்கும் ஆயத்த வடிவமே பல ஊர்களில் செதுக்கப்படுகிறது. தம்மம்பட்டிக்கென்று ஒரு முகம் இருந்தது என்பது அதில் மறைந்துபோகிறது.

படி இல்லாத இடத்துக்கு இளைஞர் வருவதில்லை. சுற்றிலும் வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளை ரிக் தொழில், எங்கு பார்த்தாலும் பொறியியல் கல்லூரிகள். கூண்டு கட்டும் பட்டறையில் ஓராண்டில் எட்டும் கூலியைச் சிற்பப் பட்டறையில் எட்டப் பல ஆண்டுகள் ஆகும். நாளெல்லாம் தரையில் சம்மணமிட்டு, மரத்தூளை மூச்சில் இழுத்து வேலை செய்த தகப்பன், மகன் கல்லூரிக்குப் போகட்டும் என்று நினைப்பது நியாயம். அந்த நியாயத்தை மறுத்து எந்தக் கலையையும் காப்பாற்றக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான நினைவு உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் அந்நகராட்சியின் தலைவரான ராஜாஜி, 1953இல் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதை எதிர்த்து மாநிலமே எழுந்தது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காததற்குப் பின்னாலும் இந்த நினைவு இருக்கிறது. 18 தொழில்களுக்கான அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18; விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலை மரபாகச் செய்திருக்க வேண்டும். வயதை 35 ஆக்கவும் குடும்ப நிபந்தனையை நீக்கவும் மாநிலம் கோரியது. பிறகு 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது கடந்த எவரும், எந்தச் சாதியினரும், 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் பெறலாம்.

சாதி வேலியை எடுத்தது சரி. பள்ளிப் பிள்ளையைப் பட்டறைக்கு இழுக்காமல் காப்பதும் சரி. ஆயினும் 35 வயதில் கிடைக்கும் கடன், தொழில் தெரிந்தவருக்கு இயந்திரம் வாங்க உதவும். தொழிலைக் கற்றுத் தராது. விஸ்வகர்மா திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள், மேல்பயிற்சி பதினைந்து நாள் அல்லது சற்றே கூடுதல், நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. அந்த நாட்களில் உளி தீட்டக்கூட முழுதாக வராது. பள்ளிப் படிப்பு முடித்து, தானே விரும்பி, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் பட்டறைக்கு வரும் ஒருவருக்கு மூன்று, நான்கு ஆண்டு உதவித்தொகை என்பது இரண்டு திட்டங்களிலும் இல்லை.

முழு நேரக் கல்விக்கு மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு நிறுவனம் இருக்கிறது. இன்று கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து பட்டம் தருகிறது. சிற்ப நூலும் வரைபடமும் அங்கே ஒழுங்காகக் கிடைக்கும். மரம் தேர்வதும் வேகமும் ஆர்டரை உரிய நாளில் முடிப்பதும் பட்டறையில்தான் வரும். கல்லூரி மாணவர் ஓராண்டு தம்மம்பட்டியிலும், தம்மம்பட்டி இளைஞர் சில மாதம் மாமல்லபுரத்திலும் இருக்கும்படி செய்தால் இருவருக்கும் குறை தீரும். 1973 முதல் இயங்கும் அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் நிறுவனம் 65 வயது கடந்த தேர்ந்த கைவினைஞர்களுக்கு ‘வாழும் கைவினைப் பொக்கிஷம்’ விருது அளிக்கிறது. விருது பெறும் கைக்குப் பக்கத்தில் இரண்டு மாணவர்களை உட்காரவைக்கும் செலவையும் அந்த விருதோடு சேர்க்கலாம்.

பயிற்சிக்கான வேலை எங்கிருந்து வரும் என்பதற்கு ஜப்பானின் இசே ஆலயம் ஒரு விடை. அதை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது. ஒரு தச்சர் இளைஞராக ஒருமுறை, நடுவயதில் ஒருமுறை, மூத்தவராக ஒருமுறை அதில் வேலை செய்ய முடியும். தமிழகக் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. ஒவ்வொரு திருப்பணியிலும் வாகனமும் தேர்ச்சிற்பமும் கதவும் புதிதாகின்றன, அல்லது பழுது பார்க்கப்படுகின்றன. அந்த வேலையை இந்து சமய அறநிலையத் துறை பட்டறைகளுக்குக் கொடுக்கும்போது, கரைப்பூவும் பீடத்து இதழும் கையால்தான் செய்யப்பட வேண்டும், அவற்றைப் பயிற்சியாளர்கள் செய்யலாம், அவர்களின் கூலி மதிப்பீட்டிலேயே சேரும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். இயந்திரம் எடுத்துக்கொண்ட முதல் படி இதனால் கோயில் வேலையிலாவது திரும்பக் கிடைக்கும். வாகன வேலையில் பிறந்த தொழில் என்பதால் தம்மம்பட்டிப் பட்டறைகளுக்கு இது புதிதல்ல. செலவு ஒரு வாகனத்தின் விலையில் சிறு பங்குதான் கூடும். அதை யார் ஏற்பது என்று துறையும் பட்டறைகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.