வாந்திக்கு எந்த மருந்து?

காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வாந்தியோ, லயத்தின் ஒரு காம்பராவில் தொடங்கினால் அடுத்த காம்பராக்களையும் எழுப்பிவிடும். எழுந்து வருவோர் எல்லோருடைய வாயிலும் ஒரே சொல்தான்: “ஊசி போட்டால் நின்றுவிடும்.” இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

நான் பிறந்து வளர்ந்தது கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மலைப்பாதையின் வளைவுகளையெல்லாம் கடக்க வேண்டும்; நலமாக இருப்பவனுக்கே குமட்டும் பாதை அது. ஆகவே எங்களுக்கு முதற் புகலிடம் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான். ஓரிரவு, பக்கத்துக் காம்பராச் சிறுவன் ஓயாமல் வாந்தியெடுத்துத் துவண்டான். “ஐயா, ஒரு ஊசி போட்டு விடுங்க” என்று தாய் கெஞ்சினாள். அவரோ ஒரு கிண்ணமும் கரண்டியும் கேட்டு வாங்கி, உப்பும் சீனியும் கலந்த நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியவாறு உட்கார்ந்திருந்தார். பையன் மீண்டும் கக்கினான். அவர் சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்கினார். விடியும் வேளையில் சிறுவன் சிறுநீர் கழித்தான். “இனிப் பயமில்லை” என்று சொல்லிவிட்டுத்தான் ஐயா எழுந்தார். ஊசி போடாமலே போகிறாரே என்று லயத்தில் சிலர் முணுமுணுத்தனர்.

அவர் செய்தது சரிதான் என்பதற்குப் பிற்கால ஆராய்ச்சிகள் சான்று தருகின்றன. மெல்பேர்ண் நகரில் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 270 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தாருக்கு ஒண்டான்செட்ரோன், மற்றொரு கூட்டத்தாருக்கு மெட்டோகுளோபிரமைட், மூன்றாம் கூட்டத்தாருக்கு வெறும் உப்புநீர் ஊசி. எவருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அரைமணி நேரத்தின் பின் குமட்டலை 100 மில்லிமீற்றர் அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். முறையே 27, 28, 23 என்று குறைந்திருந்தது! 2014இல் வெளியான முடிவு இது. மறு ஆண்டில் இத்தகைய எட்டு ஆய்வுகளை, 952 நோயாளரின் விபரங்களுடன், கொக்ரேன் அமைப்பினர் ஒருங்கே ஆராய்ந்தனர். எந்த ஒரு மருந்தும் மற்றதைவிட உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை என்றும், பெரும்பாலோருக்கு நீரேற்றுதல் போன்ற பொதுப் பராமரிப்பே போதுமாகலாம் என்றும் முடிவு கண்டனர்.

இதிலும் விந்தையான செய்தியொன்று உண்டு. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை முகர்ந்தவர்களுக்கு, ஒண்டான்செட்ரோன் மாத்திரை மட்டும் விழுங்கியவர்களைவிடக் குமட்டல் அதிகம் தணிந்ததாக அமெரிக்காவின் டெக்சாஸில் 122 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் கூறிற்று. ஆனால் அது ஆஸ்பத்திரியில், உரிய வகை ஸ்பிரிட்டைக் கொண்டு செய்யப்படுவது. வீட்டிலுள்ள ஏதோ ஒரு போத்தலை முகரக் கூடாது.

அப்படியாயின் மருந்தே வேண்டாமா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. சிக்காகோவில் வயிற்றோட்டத்துடன் வாந்தியெடுத்த 215 குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவில், ஒண்டான்செட்ரோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 14 பேரே மீண்டும் வாந்தியெடுத்தனர். பெறாதவர்களில் 35 பேர். அங்கும் மருந்தின் பயன், குழந்தை நீரைக் குடிக்க வழி திறந்துவிடுவதே. மெட்டோகுளோபிரமைட்டோ சிலருக்கு, சிறப்பாக இளையோருக்கு, கழுத்தையும் கண்களையும் ஒருபுறம் இழுத்துவிடுவதுண்டு. பேய் பிடித்ததென்று மந்திரிக்க ஓட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கு மாற்று மருந்து உண்டு.

உப்பும் சீனியும் கலந்த நீரின் பெருமைக்கு வரலாறே சாட்சி. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பொங்கான் அகதி முகாமில் கொலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலானபிஸ் இத்தகைய கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவிலிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் கடைகளில் ‘ஜீவனி’ என்னும் பெயரில் கிடைப்பது அதன் வழிவந்ததே. பையில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். குழந்தை கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வாந்தி என்பது நோயன்று, நோயின் தூதுவன். தூதுவனின் வாயை அடைத்துவிட்டால் செய்தி தெரியாமற் போகும். எலிக்காய்ச்சல் மிகுந்த மாவட்டங்களுள் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். வயலிலோ மாணிக்கக் குழியிலோ இறங்கியவர் காய்ச்சலுடன் வாந்தியெடுத்தால் அதை நினைக்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் ஓயாத வாந்தி அபாய அறிகுறி. விடியற்காலையில் பால் வெட்டப் போனவரை விரியன் தீண்டினாலும் வாந்தி வரலாம். நெஞ்சுவலியுடன் வரும் வாந்தி மாரடைப்பாகவும் இருக்கலாம். இரத்தமோ பச்சை நிறமோ கலந்தாலும், சிறுநீர் நின்றாலும், நோயாளி மயங்கினாலும், நஞ்சு உட்கொண்டதாக ஐயம் எழுந்தாலும், உப்புநீரை நம்பி வீட்டிலிருத்தல் தகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

ஆஸ்பத்திரி சேர்ந்ததும் எந்த ஊசி என்று வாதாட வேண்டாம். எப்போது தொடங்கிற்று, எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, என்னென்ன மருந்து கொடுத்தோம் என்பவற்றை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஐந்து விடைகளும் அவர் நோயைக் கண்டுபிடிக்கத் துணைபுரியும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் நீங்களானால், அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.