தலைவர் என்று நான் எழுதிய பெயர்

திராய்மடு வீட்டுப் படிவத்தில் மச்சானின் பெயரை எழுதியது நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. இது தெரியாமல் நான் வளரவில்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் சீதனமாக அவள் பேருக்கு எழுதப்படும். தாயும் தகப்பனும் பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய்வழியே சொத்து இறங்கிய முக்குவர் வழமையை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டு வந்த வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வேறு வழி சொன்னது. ஆனாலும் எங்கள் சனம் சீதன உறுதி முடிப்பதை விடவில்லை. நாவலடியில் அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த வளவு அப்படித்தான் தங்கச்சிக்கு வந்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அதை எடுத்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நாவலடியில் ஓட இடமில்லை. தப்பினவர்களுக்குத் திராய்மடுவில் வீடு என்றார்கள்.

படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம். “அண்ணா, என்ட பேரைப் போடுங்க. அழிஞ்சது என்ட வீடுதானே” என்றாள் தங்கச்சி. மச்சான் பக்கத்தில் நின்றார். அவர் முகம் கோணுமே என்று பயந்தேன். அந்தப் பயத்தை மறைக்க, “கந்தோர் நடைமுறை உனக்குத் தெரியாது” என்று அவளை அதட்டினேன். படித்தவன் என்ற திமிர். உறுதி தண்ணீரோடு போனாலும் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்திருக்கலாம். அலையப் பஞ்சிப்பட்டேன். இருவர் பெயரையும் போடலாமா என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் பேசாமல் நின்றாள். நான் எழுதினேன்.

முன்பென்றால் புருசன் பெண்சாதிக்குள் பிரிவு வந்தால் ஆண்தான் உடுப்புப் பையோடு தன் தாய் வீட்டுக்குத் திரும்புவான். வீடு பெண்ணோடு நிற்கும். மச்சானுக்கு வேறு தொடர்பு வந்தபோது வெளியேறியது தங்கச்சியும் மகளும். பத்திரம் அவர் பேரில். இன்று கல்லடியில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

நான் இருப்பது என் மனைவியின் சீதன வீட்டில். அந்த உறுதியில் என் பெயரை ஏற்ற எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தங்கச்சிக்கு மட்டும் அதை மறந்தேன்.

அம்மா சாகும்வரை மச்சானைத்தான் திட்டினா. படிவத்தை நிரப்பியவன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான், வாய் திறக்கவில்லை. மருமகளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு. வருகிறவர்கள் முதலில் கேட்பது வீட்டைத்தான். தாய்மாமனாக அந்தச் சபையில் இருந்து பதில் சொல்ல வேண்டியவன் நான்.