டேட்டனில் ஒரு மார்ச் மாதம்



அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிரேட் மியாமி ஆற்றின் கரையில் அமைந்துள்ளது டேட்டன் நகரம். ஆகாய விமானத்தை உலகுக்கு அளித்த ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்திய ஊர் அது. 2023ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில், மதரஸா விடுமுறையின்போது, அங்கே குடியிருக்கும் என் காக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ரைட் சகோதரர்களைப் பற்றி விசாரிக்கும் ஆவலுடன் போன எனக்கு, ஊரார் பேச்செல்லாம் வேறொன்றாக இருப்பது கண்டு வியப்பு மேலிட்டது. கடைவீதியில், முடிதிருத்தும் நிலையத்தில், ஏன், தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்ற இளைஞர்களிடையேகூட ஒரே பேச்சு: கூடைப்பந்து!

கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டி அந்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. 1939இல் எட்டே அணிகளுடன் ஆரம்பித்த இது, 2011இல் 68 அணிகள் மோதும் பெருவிழாவாக வளர்ந்துவிட்டது. ஒருமுறை தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பவேண்டியதுதான். அதனால் எழும் பரபரப்பை ‘மார்ச் மேட்னஸ்’, அதாவது மார்ச் மாதப் பித்து என்றே அழைக்கிறார்கள். அந்தப் பித்து முதலில் பிடிப்பது டேட்டனைத்தான். 2023இல் தொடக்கச் சுற்றின் நான்கு ஆட்டங்களும் அங்கேதான் நடைபெற்றன.

காக்காவின் மகனுக்கு வயது பதினான்கு. நான் போய்ச் சேர்ந்த மறுநாளே ஒரு தாளை என்முன் விரித்தான். அணிகளின் பெயர்கள் இரு ஓரங்களிலும் இருந்து கிளைகளாகப் புறப்பட்டு நடுவில் ஒன்றுகூடின. ‘பிராக்கெட்’ என்பது அதன் பெயர். எந்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்று முன்கூட்டியே எழுதவேண்டும். கோடிக்கணக்கானோர் இதனை நிரப்புகிறார்கள். முதற்சுற்றுக்கு வரும் 64 அணிகளுக்கு மொத்தம் 63 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரு முடிவுகள் என்று கணக்கிட்டால், வரக்கூடிய விடைகளின் தொகை பத்தொன்பது இலக்க எண்ணாகிறது! ஒரு பிழையுமின்றி முழுத்தாளையும் நிரப்பியதாக எவரும் இதுவரை நிரூபித்ததில்லை. மனித அறிவின் எல்லையை உணர்த்த இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

நானும் விளையாட்டாக ஒரு தாளை நிரப்பினேன். வெற்றிவாகை சூடப்போவது பர்டியூ பல்கலைக்கழகம் என்று எழுதினேன். மருமகப் பிள்ளை போன்ற உரிமையுடன் என் தோளில் சாய்ந்திருந்த சிறுவனும் அதையே எழுதினான். அந்த அணியில் 7 அடி 4 அங்குல உயரமுள்ள ஸாக் ஈடி இருக்கையில் வேறென்ன எழுதத் தோன்றும்?

மார்ச் 15 மாலை, அவனுடன் அரங்கத்திற்குச் சென்றேன். நியூ ஜெர்சி மாநிலத்து ஃபேர்லி டிக்கின்ஸன் பல்கலைக்கழகம் அன்று ஆடியது. முந்தைய ஆண்டில் 4 ஆட்டங்களில் மட்டுமே வென்று 22 ஆட்டங்களில் தோற்ற அணி; நாட்டின் முதல்தர அணிகளிலேயே உயரம் மிகக் குறைந்தது என்று பெயரெடுத்த அணி. அவர்கள் டெக்ஸஸ் ஸதர்ன் அணியை 84–61 என்ற கணக்கில் வென்றபோது, அந்தச் சின்ன அணிக்காகச் சிறுவன் தொண்டை கட்டும்வரை ஆர்ப்பரித்தான். தன் ஊர் அணியல்லாத ஒன்றுக்காக இப்படி மகிழ முடிகிறதே என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்துக் கொலம்பஸ் நகரில் அதே சின்ன அணி பர்டியூவைச் சந்தித்தது. தொலைக்காட்சியின்முன் குடும்பமே அமர்ந்திருந்தது. குள்ளர்கள் நெடியோனைச் சூழ்ந்து நின்று பந்தே அவனிடம் சேராதவாறு தடுத்தார்கள். 63–58! பதினாறாம் தரவரிசை அணியொன்று முதல்தர வரிசை அணியை வீழ்த்துவது ஆண்கள் போட்டியில் அதற்கு முன் ஒரேயொரு முறை, 2018இல், நிகழ்ந்திருந்தது. வீடே எழுந்து நின்றது. என் தாள் பாழானதை எண்ணி ஒரு கணம் சுருக்கென்றாலும், மறுகணம் நானும் சிரித்துவிட்டேன்.

சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் கறுத்து, எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

பின்னால் சென்று, “என்ன வாப்பா, முந்தாநாள் உன் அணியல்லவா அது?” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, பின் தாழ்ந்த குரலில் சொன்னான்: “சாச்சா, நண்பர்களோடு சேர்ந்து பத்து டாலர் கட்டியிருக்கிறேன். வாப்பாவிடம் சொல்லாதீர்கள்.”

வாசகர்களே, பணம் கட்டி ஊகிப்பது சூதாட்டம். மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது. இதை அவன் அறியாதவனல்லன். ஆனால் அந்த ஒஹையோவில் அவ்வாண்டு ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆட்ட இடைவேளைதோறும் அதற்கே விளம்பரம். பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பத்து டாலரில் செய்து பார்க்கிறார்கள். நான் ஹராம், ஹலால் என்று பாடம் நடத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: “புதன்கிழமை உனக்கிருந்த சந்தோஷம் இன்றைக்கு எங்கே போயிற்று?”

அவன் பதில் சொல்லவில்லை. ஆயினும் அன்றிரவே தன் தந்தையிடம் தானாகச் சென்று சொல்லிவிட்டான். காக்கா கடிந்துகொண்டார், பிறகு அணைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ரமளான் பிறை தென்பட்டது. ஹூஸ்டன் நகரில் ஏப்ரல் 3 அன்று இறுதியாட்டம். கனெக்டிகட் அணியின் அடாமா ஸனோகோ, ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர், பகலெல்லாம் நோன்பிருந்து அன்றிரவு களமிறங்கினார். 1990களில் நோன்புடன் ஆடிய ஹகீம் ஒலாஜுவான் புகழ் சேர்த்த நகரமும் அதே ஹூஸ்டன்தான். நாங்கள் தராவீஹ் முடித்து வீடு திரும்பியபோது இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. எதிரணியான ஸான் டியேகோ ஸ்டேட் ஐந்து புள்ளிகள்வரை நெருங்கிவந்து மூச்சடைக்கச் செய்தது. முடிவில் 76–59 என கனெக்டிகட் வென்றது. 17 புள்ளிகள் எடுத்த ஸனோகோவே இறுதிக்கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். மாஷா அல்லாஹ்!

என் தாளிலோ, சிறுவனின் தாளிலோ கனெக்டிகட்டின் பெயர் அந்த இடத்தில் இல்லை. அவனோ துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். “சாச்சா, பாருங்கள், பாருங்கள்!” என்று என் கையைப் பிடித்து இழுத்தான். புதன்கிழமையன்று அரங்கத்தில் கேட்ட அதே குரல்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதோவோர் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்தவனாக இருக்கலாம். அருகே அமர்ந்து சற்று நேரம் நீங்களும் பாருங்கள். ஆட்டத்தை மட்டுமன்று, அவன் முகத்தையும் பாருங்கள். நல்ல ஆட்டத்தைக் கண்டும் அந்த முகம் வாடினால், கடிந்துகொள்ளும் முன் காரணத்தைக் கேளுங்கள். கேட்பவர் அருகில் இருந்தால் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள்.