பொய் வைகறையைத் தேடிக் காவலூருக்கு

மதரஸாவில் பிக்ஹுப் பாடம் நடத்தும்போது, தொழுகை நேரங்கள் பற்றிய அத்தியாயத்தில் இரண்டு வைகறைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வழக்கம். அடிவானிலிருந்து ஓநாயின் வாலைப் போல் மேல்நோக்கி எழும் வெண்மை ‘சுப்ஹு காதிப்’ என்னும் பொய் வைகறை. அடிவானம் நெடுகக் குறுக்கே பரவும் வெண்மை ‘சுப்ஹு ஸாதிக்’ என்னும் மெய் வைகறை. முன்னது தோன்றும்போது ஸஹர் உண்ணத் தடையில்லை. பின்னது தோன்றிவிட்டால் நோன்பும் சுப்ஹுத் தொழுகையின் வக்தும் தொடங்கிவிடும்.

பல ஆண்டுகளாக இப்படத்தை வரைந்து வந்தேன். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், பாடம் முடிந்ததும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், பொய் வைகறையைத் தாங்கள் கண்ணால் கண்டதுண்டா?” என்று கேட்டார்.

இல்லை என்பதே உண்மை. எங்கள் வாணியம்பாடியில் பின்னிரவிலும் வானம் இருள்வதில்லை. நெடுஞ்சாலை விளக்குகளும், தொழிற்கூடங்களின் விளக்குகளும், கடைவீதி விளக்குகளும் வானை நோக்கிச் சிந்தும் ஒளியைத் தூசியும் ஈரமும் சிதறடிக்க, ஊருக்கு மேலே வெளிறிய போர்வையொன்று விரிந்து கிடக்கிறது. எண்ணிவிடத்தக்க சில விண்மீன்களே அதை ஊடுருவி வருகின்றன. காணாததைக் கற்பித்து வந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். “வாருங்கள், சென்று காண்போம்” என்றேன்.

2025 ஜனவரி 4, சனிக்கிழமை. ரஜப் மாதத்தின் இளம்பிறைக் காலம். பெரிய மாணவர்கள் ஐவருடன் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறினேன். நாங்கள் சென்ற இடம் காவலூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இச்சிற்றூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது.

வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960-களில் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1899 முதல் வானாய்வு நடந்துவந்த கொடைக்கானலில் மேகமற்ற இரவுகள் போதவில்லை. காவலூரிலோ தெளிந்த வானமும், நகரங்களிலிருந்து ஒதுங்கிய இருளும் இருந்தன. நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பதால் வடவானும் தென்வானும் ஒருங்கே தெரிந்தன. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று 1977-இல் உலகம் அறிந்தபோது, அதைக் கண்ணுற்ற இடங்களுள் காவலூரும் ஒன்று. 1982-இல் பாப்பு மறைந்தார். அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இத்துணைச் சிறப்புக்கும் மூலதனம் இருள்தான்!

பிற்பகலில் ஆய்வக வளாகத்தைக் கண்டபின், அருகிலுள்ள மலைக்கிராமத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் தங்கினோம். இரவு பத்து மணியளவில் பிறை மறைந்தது. கைவிளக்குகளை அணைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். கண்கள் இருளுக்குப் பழகப்பழக, வானம் நிரம்பத் தொடங்கியது. சுப்ஹானல்லாஹ்! அல்தபரான் சிவந்து நின்றது. அதனருகே வியாழன் ஒளிர்ந்தது. ‘கால்’ எனப் பொருள்படும் ரிஜ்ல் தெரிந்தது. திருமறையின் நஜ்ம் அத்தியாயத்தில் பெயர் கூறப்படும் ஷிஃரா மற்ற விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சிச் சுடர்ந்தது. அரபுப் பாடத்தில் சொற்களாகப் படித்தவற்றை அன்று ஒளியாகப் படித்தார்கள் மாணவர்கள்.

ஒன்று மட்டும் கிட்டவில்லை. அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, 964 வாக்கில் எழுதிய விண்மீன் நூலில் ‘சிறு முகில்’ என ஒன்றைக் குறித்துள்ளார். அதுவே இன்று ஆந்திரமேடா எனப்படும் அண்டம். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் அவர் கண்டது அது. நாங்கள் தேடியபோது அது வடமேற்கில் சரிந்திருந்தது. அத்திசையில் அடிவானுக்கு மேல் மங்கிய வெளிச்சம் படர்ந்திருந்தது. “அது என்ன ஊர் வெளிச்சம்?” என்று ஒரு மாணவர் வினவ, வீட்டுக்காரர், “உங்க வாணியம்பாடிதான் பாய்” என்றார். யாரும் பேசவில்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, குளிரில் போர்வையுடன் கீழ்த்திசை நோக்கி நின்றோம். அந்தப் பக்கம் பெரிய ஊர் எதுவும் அண்மையில் இல்லை. ஐந்து மணியை நெருங்குகையில், அடியில் அகன்று மேலே குறுகிய மெல்லிய வெண்ணொளி நிமிர்ந்து நிற்பதைக் கண்டோம். பால்போன்ற அவ்வொளி, அஸ்ஸிமாக் விண்மீன் வரை எட்டியது. சூரியனைச் சுற்றிக் கோள்களுக்கிடையே பரந்து கிடக்கும் நுண்துகள்களில் பட்டுச் சிதறும் கதிரொளியே இது என்பர் அறிவியலார். நம் மார்க்க அறிஞர்களோ அதன் வடிவத்தையும் சட்டத்தையும் நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துரைத்துவிட்டனர். அது செங்குத்தாக நிற்பது, இது குறுக்கே விரிவது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியதன் நுட்பம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஐந்தரையை நெருங்கும்போது, அவ்வொளியின் அடிவாரத்தில் வேறொரு வெண்மை வலமும் இடமுமாக விரிந்தது. கேள்வி கேட்ட மாணவரே பாங்கு சொன்னார். பாறையின் மீது ஜமாஅத்தாகத் தொழுதோம்.

ஊர் திரும்பியதும் மஹல்லா முத்தவல்லியைச் சந்தித்தேன். எங்கள் பள்ளிவாசல் மினாராவின் மீது கீழிருந்து பாய்ச்சப்படும் பெருவிளக்குகள் விடியும்வரை எரிகின்றன. இஷாவுக்குப் பின் அவற்றை அணைக்கலாம். வாசல் விளக்குக்குக் கீழ்நோக்கிய மூடி போடலாம். பாதைக்கு வேண்டிய ஒளி குறையாது என்றேன். லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும், அங்கே ஊர்மக்கள் விளக்குகளுக்கு மறைப்பிட்டு வாழ்வதையும் எடுத்துரைத்தேன். “மினாரா தெரிய வேண்டாமா ஹஜ்ரத்?” என்று முதலில் தயங்கினார். பிறகு, மின்கட்டணமும் குறையுமே என்று சிரித்தபடி இசைந்தார்.

ஒரு பள்ளிவாசல் விளக்கை அணைத்ததால் வாணியம்பாடிக்கு விண்மீன்கள் திரும்பிவிடவில்லை. ஆயினும் இருளில் வழியறிவதற்காக விண்மீன்களைப் படைத்ததாக இறைவன் கூறும்போது, அந்த இருளும் அவனது அருட்கொடையே அன்றோ? தேவையற்ற விளக்கு வீண்விரயம் மட்டுமன்று. அடுத்த வீட்டாரின் வானத்தையும், அடுத்த தலைமுறையின் பாடத்தையும் மறைக்கும் திரையுமாகும்.

சகோதர சகோதரிகளே! பிறையில்லா இரவொன்றில் உங்கள் பிள்ளைகளை இருளான ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊர் வெளிச்சத்துக்கு எதிர்த்திசையை நோக்கி நில்லுங்கள். இப்போதெல்லாம் நான் கரும்பலகையில் அப்படத்தை வரையும்போது, என் கை தயங்குவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.