நினைவுப் பொற்காசுகளும் நம் பொறுப்பும்



தங்கத்தை நகையாக அணிவோரையும் பவுனாகச் சேமிப்போரையும் நாம் நன்கு அறிவோம். மூன்றாவது சாராரும் நம் சமுதாயத்தில் உள்ளனர். அரிய பொற்காசுகளை, சிறப்பாக ஒரு நிகழ்வின் நினைவாக அச்சிடப்பட்டவற்றைத் தேடிச் சேகரிப்போர் அவர்கள். ஹிஜ்ரி பதினைந்தாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில் குவைத் உள்ளிட்ட சில முஸ்லிம் நாடுகள் அதன் நினைவாகத் தங்க நாணயங்களை வெளியிட்டன. வளைகுடாவில் உழைத்துத் திரும்பியோர் சிலரின் இல்லங்களில் இத்தகைய காசுகள் வெல்வெட் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

"இப்படிச் சேகரிப்பது மார்க்கத்தில் கூடுமா, ஹஜ்ரத்?" என்று மதரஸாவுக்கு வரும் பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. ஹலாலான பொருளால் வாங்கி, அதற்குரிய கடமையை நிறைவேற்றினால் கூடும். அதுமட்டுமன்று, பழங்காசுகளைப் போற்றிக் காத்தவர்களுக்கு நாம் ஒரு வகையில் கடன்பட்டும் இருக்கிறோம்.

ஹிஜ்ரி 77-இல் உமையா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் உருவங்கள் ஏதுமின்றி, ஏகத்துவ வாசகங்கள் மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்டார். அதற்கு முன் ரோமப் பொற்காசுகளும் அவற்றைப் பின்பற்றி அச்சிட்டவையுமே வழங்கின. ஜகாத்தின் நிஸாப் இருபது தீனார் என்று ஃபிக்ஹு நூல்களில் படிக்கிறோம். இருபது தீனார் இன்று எத்தனை கிராம்? அருங்காட்சியகங்களில் எஞ்சியிருந்த அப்துல் மலிக் காலத்துத் தீனார்களை நிறுத்துப் பார்த்தே ஒரு தீனார் 4.25 கிராம் என இக்கால அறிஞர்கள் கணித்தனர். இருபது தீனார் 85 கிராம் என்ற கணக்கு அவ்வாறு வந்ததே. நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் தோலாக் கணக்கில் 87.48 கிராம் என்பர். எப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழப் பதினொரு பவுன். யாரோ உருக்காமல் காத்த காசு, நம் கடமையின் அளவை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது.

அவ்வளவு பயன் தந்த காசே, பெட்டிக்குள் சென்றதும் நம் கடமையை மறக்கச் செய்துவிடவும் கூடும். "இது பணமன்று, கலைப்பொருள். இதற்கு ஜகாத் இல்லை" என்று சிலர் எண்ணுகின்றனர். தங்கம் எவ்வடிவில் இருந்தாலும் தங்கமே. பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் உள்ள விலக்கு, பூட்டி வைத்த காசுக்குப் பொருந்தாது. பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதோரைப் பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கை நாம் அறிந்ததே.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலேயப் பவுன் காசு ஏறத்தாழ 7.98 கிராம், 22 காரட். அதிலுள்ள தூய தங்கம் 7.32 கிராம். பன்னிரண்டு காசுகள் இருந்தால் தூய தங்கம் மட்டுமே 87.8 கிராம் ஆகிறது. ஓராண்டு நிறைந்ததும் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2.2 கிராம் கடமையாகும். அதற்காக எந்தக் காசையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த எடைக்குரிய அன்றைய விலையைப் பணமாகக் கொடுக்கலாம் என்பதே இன்று நம் ஊர்களில் பரவலாக உள்ள நடைமுறை. விற்று இலாபம் காணும் நோக்கில் வாங்கிய காசாயின், அதன் சந்தை விலையையே கணக்கிட வேண்டும் என்று இக்கால ஆலிம்கள் பலர் கூறுகின்றனர்.

அரிய காசின் விலைக்கும் எடைக்கும் உள்ள தூரம் சில வேளை வியப்பூட்டும். ஹிஜாஸின் பெயர் பொறித்த, ஹிஜ்ரி 105-ஆம் ஆண்டின் ஓர் உமையா தீனார், 2011-இல் இலண்டன் ஏலத்தில் 37 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதன் எடையோ நிஸாபில் இருபதில் ஒரு பங்குதான். சட்டத்தின் தராசு எடையைப் பார்க்கிறது. ஆனால் அத்தனை பெரிய செல்வத்தை உள்ளங்கையில் வைத்திருப்பவர், எடை குறைவு என்று நிம்மதி கொள்வதா, ஸதகாவின் வாயில் தமக்காகத் திறந்திருக்கிறது என்று எண்ணுவதா? இது அவரவர் உள்ளம் விடைகூற வேண்டிய வினா.

காசுகளை மாற்றிக் கொள்வதிலும் கவனம் தேவை. ஓர் அரிய பொற்காசுக்கு ஈடாக இரண்டு சாதாரணப் பொற்காசுகளைக் கொடுப்பது சேகரிப்போரிடையே வழக்கம். தங்கத்திற்குத் தங்கம் எனில் சம எடையும், கைக்குக் கை கொடுத்தலும் வேண்டும். கூடுதல் குறைவு வட்டியாகிவிடும். கைபர் பேரீச்சம்பழ விஷயத்தில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டிய வழி நமக்குப் போதும். இருப்பதை முதலில் பணத்திற்கு விற்று, அப்பணத்தால் வேண்டியதை வாங்கிக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, காசைச் சேர்த்தவர் மறைந்தபின் எழும் கேள்வி ஒன்றுண்டு. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தந்தை வஃபாத்தானபின் அவருடைய காசுப் பெட்டி மூத்த மகனிடம் இருந்தது. "வாப்பாவின் நினைவு, பிரிக்க மனம் வரவில்லை" என்றார் அவர். மூன்றாண்டுகள் கழிந்தன. தங்கைகள் இருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுள் ஒருவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கியதை அறிந்தபோதுதான், அந்த மௌனம் சம்மதமன்று என்பது அண்ணனுக்கு விளங்கிற்று. நம்மிடம் ஆலோசனைக்கு வந்தார். அன்னிஸா அத்தியாயம் வகுத்த பங்கில் நினைவுப் பொருளுக்குத் தனி விலக்கு இல்லை என்பதை எடுத்துரைத்தோம். காசு மதிப்பு அறிந்த இருவரைக் கொண்டு விலை மதிக்கச் செய்து, தங்கைகளின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டு, அவர்களின் மனமொப்பிய சம்மதத்துடன் பெட்டியைத் தாமே வைத்துக் கொண்டார். வாப்பாவின் நினைவும் சிதையவில்லை, பிள்ளைகளின் உறவும் முறியவில்லை.

ஆகவே, சேகரிக்கும் சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஒவ்வொரு காசின் எடை, காரட், வாங்கிய நாள், விலை ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். ஜகாத் கொடுத்த ஆண்டுகளையும் குறியுங்கள். பெட்டி இருக்கும் இடத்தை மனைவி மக்கள் அறியட்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் வஸிய்யத் எழுதி மற்றவர்களைத் தவிக்க விடாதீர்கள். ஏனைய வாரிசுகளின் சம்மதமின்றி அது செல்லாது.

தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். முதலாவதைச் சேர்ப்போர் இரண்டாவதை இழந்துவிடாதிருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.